துணியின் எடை

நான்கு மொழித் துண்டறிக்கையில்
தமிழை மட்டும் சரிபார்க்கச் சொல்லி
என் மேசைக்கு வந்தது.
'சமூகத்தை ஈடுபடுத்துதல்' என்றிருந்தது தலைப்பு.
பிழை இல்லை என்று எழுதி அனுப்பினேன்.
சந்திப்பிழைகூட இல்லை.

சனிக்கிழமை காலை
தெலுக் பிளாங்காவில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம்.
நாற்பது நாற்காலி, ஒரு மின்விசிறி,
கைக்குழந்தையை நிறுக்கும் எஃகுத் தட்டு,
மைலோ பொட்டலங்கள்.
வந்தவர்கள் ஒன்பது தாய்மார்.
தெற்குத் தீவுகளிலிருந்து பெயர்த்து நடப்பட்ட வீடுகளின்
மகள்கள், மருமகள்கள்.
படிவத்தில் அவர்களுக்கென்று கட்டம் கிடையாது.
'மலாய்' என்பதில் குறியிட்டுவிட்டு
அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

பதினான்காம் கேள்வி: பிள்ளைக்கு ஆஸ்துமா உண்டா?
இல்லை. இல்லை. இல்லை.
ஒன்பதும் இல்லை.
டாக்டர் குவெக் பேனாவை மூடினார்.
நல்ல செய்தி, இந்தப் பக்கம் மூச்சுத் தொல்லை குறைவு.
அவர் சொல்லி முடிப்பதற்குள்
மேசைக்கடியில் மைலோ உறிஞ்சிக்கொண்டிருந்த பையன்
எண்ணெய் காணாத கீலைப் போல
மூச்சு இழுத்தான்.

"அது செம்புட்" என்றாள் சுஹாய்னி, அவன் தாய்.
"எல்லாப் பிள்ளைக்கும் வரும். மழைக்கு முன்னால்,
புகைமூட்டத்தில், ரொம்பச் சிரித்தால்கூட.
ஆஸ்துமா ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு வருவது."

செம்புட் வருகிற பிள்ளைக்கு ஒரு கை தூக்குங்கள் என்றேன்
என் சந்தை மலாயில்.
ஒன்பது பேரிடமிருந்து பதினொரு கை.
இரண்டு பேர்
இரு கையையும் தூக்கியிருந்தார்கள்.

அப்புறம் எங்கள் கேள்விகள் நின்றுபோயின.
அவர்கள் கேட்டார்கள்.
செவ்வாய் பத்து மணிக்கு ஏன் வரச் சொல்கிறீர்கள்,
விமான நிலையச் சமையற்கூடத்தில் இரவு வேலை முடிந்து
அப்போதுதான் நான் படுக்கிறேன்.
வராவிட்டால் எதற்குச் சிவப்பு எழுத்தில் கடிதம்.
பிள்ளைக்கு ஆவி பிடித்தேன் என்றதும்
எல்லார் முன்னாலும் என்னைத் திட்டிய தாதி யார்.

நான்தான்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் சுற்றியது.
டாக்டர் குவெக் எழுதத் தொடங்கினார்,
படிவத்தின் பின்பக்கத்தில்.

எஃகுத் தட்டில் கிடத்திய குழந்தை
சில்லிட்டு வீறிட்டது. எண்கள் நிலைகொள்ளவில்லை.
ரோஸ்லைலா எழுந்தாள்.
அவள் தம்பிக்கு ஈரச்சந்தையில் மீன் கடை.
கொக்கித் தராசு வந்தது.
தோளில் கிடந்த பாத்தேக் துணியை நாலு முனை சேர்த்துக் கட்டி
அதில் குழந்தையைத் தொங்கவிட்டாள்.
ஆறு கிலோ நானூறு.
குழந்தை தூங்கியே போனது.

"துணியின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்றாள்.
"கழிக்க உங்கள் ஆட்களுக்குத் தெரியும்.
மாமனாரின் தென்னைகளை எண்ணி எண்ணி
ஈடு கொடுத்தார்கள்.
கடலைக் கழித்துவிட்டுத்தான் கணக்கே போட்டார்கள்."
குரலில் கோபம் இல்லை.
முடிச்சை அவிழ்ப்பதில் கவனமாக இருந்தாள்.

இரவு அந்தச் சொல்லை மறுபடி பார்த்தேன்.
ஈடுபடுவது தன்வினை.
ஈடுபடுத்துவது பிறவினை:
செய்பவர் ஒருவர், படுபவர் இன்னொருவர்.
முதலில் ஈடு உட்கார்ந்திருக்கிறது,
அதை ஒட்டியே படுத்துதல்.
பிழை இல்லைதான்.

தலைப்புக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.
பதினான்காம் கேள்வியை மட்டும் மாற்றினோம்,
நான்கு மொழியிலும்:
செம்புட் வருமா? எப்போது வரும்?
வந்தால் என்ன செய்வீர்கள்?
அச்சகம் திருப்பி அனுப்பியது,
தமிழ்ப் பக்கத்தில் மலாய்ச் சொல் என்று.
இருக்கட்டும் என்றேன்.

அடுத்த முறை வியாழன் மாலை ஏழு மணி.
பதினாறு பேர்.
சுஹாய்னி வரவில்லை, அவளுடைய வேலை நேரத்தை
மறுபடி மாற்றிவிட்டார்களாம்.
பையனைப் பக்கத்து வீட்டுக்காரி அழைத்து வந்தாள்.
மேசையில் நான்கு துணிகள் மடித்திருந்தன.
ஒவ்வொன்றின் ஓரத்திலும்
ரோஸ்லைலா சிவப்பு நூலில் தைத்திருந்தாள்:
நூற்றுத் தொண்ணூறு கிராம்.
இருநூற்றுப் பத்து.